நான் சி டூவில் படித்த கதை

கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு ஒரு மொழி தெரியாமல் இருப்பது பெரிய வசதி. நாலு பேர் கூடிய இடத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தால், மொழி தெரிந்தவனைத் திமிர் பிடித்தவன் என்பார்கள். தெரியாதவனைப் பாவம் என்று விட்டுவிடுவார்கள். ஆங்கிலம் தெரியாத பாவமாக நான் பல காலம் மிக நிம்மதியாக இருந்தேன். என் மகளுக்குக் கல்யாணம் பேசும் வரைக்கும்.

நான் படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான். அதற்குப் பிறகு லோரியில் கூட்டாள். பிறகு அந்த லோரியையே என்னை ஓட்டச் சொன்னார்கள். கரங்கான் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு போய் எண்ணெய் ஆலையில் கொட்ட வேண்டும். செம்பனைக் குலை ஆங்கிலம் கேட்பதில்லை. ஆலையில் எடை போடுகிறவரிடம் மலாய், கூட வேலை செய்கிறவர்களிடம் தமிழ். ஆங்கிலத்தில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தவை ரிவர்ஸ், ஸ்டாப், ஓகே. (ஒரு லோரிக்காரனின் வாழ்க்கை ஏறக்குறைய இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.)

மகள் ரீத்தாவுக்கு சுங்கை பட்டாணியில் ஒரு வங்கியில் வேலை. அங்கே டேனியல் என்ற பையனைப் பிடித்துப்போய்விட்டது. எங்களைப் போலவே கத்தோலிக்கக் குடும்பம்தான். ஆனால் நாங்கள் தமிழ்ப் பூசைக்குப் போகிறவர்கள், அவர்கள் ஆங்கிலப் பூசைக்குப் போகிறவர்கள். பையனின் அம்மா பிலோமினா, இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

“அவங்க வீட்ல நாய்கிட்டகூட இங்கிலீஷ்தான்பா,” என்றாள் ரீத்தா.

“அப்ப அந்த நாய் நம்மள விட ஒசத்தி,” என்றாள் என் மனைவி செலின்.

ரீத்தா சிரித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “நிச்சயத்தன்னிக்கு தட்டு மாத்துறதுக்கு முன்னால பொண்ணு வீட்டு சார்புல ரெண்டு வார்த்த பேசணும்லபா. நீங்க கஷ்டப்படாதீங்க. ஜோசப் மாமா பேசட்டும்.”

ஜோசப் என் மனைவியின் அண்ணன். கூலிமில் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. வாய் திறந்தால் ஆங்கிலம் கொட்டும். எங்கள் சொந்தத்தில் ஞானஸ்நானம், பிறந்தநாள், புதுவீடு எதுவானாலும் அவர்தான் பேசுவார். அவர் பேசி முடிப்பதற்குள் பிரியாணி ஆறிவிடும்.

மகள் என் மேல் உள்ள அக்கறையில்தான் அப்படிச் சொன்னாள். அதனால்தான் கூடுதலாக வலித்தது. பெற்று வளர்த்தது நான். கொடுக்கிற அன்றைக்கு வாய் மட்டும் கூலிமிலிருந்து வர வேண்டுமா?

“நான் பேசுறேன்,” என்றேன்.

செலின் மீன் அலசுவதை நிறுத்தினாள். “எந்த பாஷையில?”

“இங்கிலீஷ்ல.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை, டயர் வெடித்த லோரியைப் பார்க்கிற பார்வை.

என்னோடு குலை ஏற்றுகிற குமார் அடுத்த நாளே என் கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தான். ஆங்கிலச் சொற்களைக் கற்றுக்கொடுக்கிற செயலி. ஒரு சொல் வரும். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் பொருள், அதற்கும் கீழே தமிழில் பொருள், கடைசியில் ஓர் உதாரண வாக்கியம். காதுபோல ஒரு படம் இருக்கும். அதை அழுத்தினால் ஒரு பெண் அந்தச் சொல்லை அழகாகச் சொல்லுவாள். உச்சரிப்பை எழுத்திலும் போட்டிருந்தார்கள். அதில் ஆங்கிலத்துச் சின்ன ‘இ’ எழுத்து அடிக்கடி தலைகீழாக நின்றது. கைப்பேசி முந்தின வாரம் லோரிப் படியிலிருந்து கீழே விழுந்திருந்தது. அதில் எழுத்து கவிழ்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

முதலில் அது என்னைக் கேட்டது, எந்த நிலையிலிருந்து தொடங்குகிறீர்கள் என்று. ஏ ஒன்று, ஏ இரண்டு, பி ஒன்று, பி இரண்டு, சி ஒன்று, சி இரண்டு என்று வரிசையாகக் கட்டங்கள்.

இங்கேதான் நான் விழுந்தேன். ஆனால் என் இடத்தில் எங்கள் தோட்டத்து ஆள் யார் இருந்தாலும் விழுந்திருப்பார்கள். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியின் மகன் ஐந்தாம் படிவத் தேர்வு எழுதி, தாளில் ஏ ஒன்று, ஏ ஒன்று என்று வாங்கி வந்தபோது கிராணி ஆடு வெட்டினார். சி வாங்கிய பிள்ளைகள் பின்பக்கமாக வீட்டுக்குள் போனார்கள். ஆகவே ஏ ஒன்று என்றால் மகா கெட்டிக்காரர்களுக்கானது, சி இரண்டு என்றால் தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணுகிறவர்களுக்கானது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆறாம் வகுப்புக்காரன் ஏ ஒன்றைத் தொடுவது மரியாதை இல்லை. அடக்கமாக சி இரண்டை அழுத்தினேன்.

முதல் சொல் ‘யூபிக்விட்டஸ்’. எங்கும் நிறைந்திருக்கிற என்று பொருள்.

ஆங்கிலத்தில் இருப்பதிலேயே மட்டமான மாணவனுக்கு உரிய சொல்லே இது என்றால், மற்றவர்கள் என்ன பேசுகிறார்கள்? வெள்ளைக்காரக் குழந்தைகள் தொட்டிலில் கிடந்தபடி யூபிக்விட்டஸ் என்று அழும் போலிருக்கிறது. ரீத்தா ஏ வாங்கியவள். அந்தப் பிள்ளை எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும் என்று நினைத்து அன்றைக்கு அவளுக்குப் பிடித்த, கடலை போட்ட அப்பம் பாலிக் வாங்கிக்கொண்டு போனேன்.

விடாமல் படித்தேன். ஆலை வாசலில் லோரிகள் வரிசை பிடித்து நிற்கும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொல்லிப் பார்ப்பேன். நான் சொல்வதைக் கேட்டு மதிப்பெண் போடுகிற வசதியும் அந்தச் செயலியில் உண்டு. மக்னானிமஸ் என்பேன். (பெருந்தன்மையான என்று பொருள்.) மறுபடியும் முயலுங்கள் என்று சிவப்பில் வரும். மக்னானிமஸ் என்று கத்துவேன். மறுபடியும் முயலுங்கள்.

குமார் கண்ணாடியைத் தட்டினான். “அண்ணே, யாரு கூட சண்ட?”

“சண்ட இல்லடா. படிக்கிறேன்.”

“படிப்பு மாதிரி தெரியலையே. யாரையோ வைற மாதிரி இருக்கு லா.”

வீட்டில் வேறு மாதிரிப் பிரச்சினை. குளியலறையில் வைத்துப் படித்தேன். கதவுக்கு வெளியிலிருந்து செலின் கேட்டாள்.

“உள்ள யாரோ பொம்பள கொரல் கேக்குது. யாருங்க அது?”

“டீச்சரு.”

“டீச்சருக்குக் குளிக்கிற எடத்துல என்ன வேல?”

இப்படி இருக்கும்போது ஒரு நாள் அந்தச் சொல் வந்தது. எழுத்து அதிகமில்லை. அந்தப் பெண் அதை ‘பிரீவ்ட்’ என்று பெருமூச்சு விடுவதுபோலச் சொன்னாள். தமிழில் போட்டிருந்த பொருள்: ‘நெருங்கிய அன்புக்குரியவரை இழந்து தவிக்கிற’.

லோரிக்குள் உட்கார்ந்தபடி அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ரீத்தா வேலை விட்டு வரும்போது வாசலில் செருப்பைக் கழற்றாமலே “அம்மா, பசி” என்பாள். அந்தச் சத்தம் இனி சுங்கை பட்டாணியில் கேட்கும். நெருங்கிய அன்புக்குரியவரை இழந்து தவிக்கிற. என் நிலைமையை நானே இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. உதாரண வாக்கியம் அதைவிட அற்புதம். ‘தி பிரீவ்ட் ஃபேமிலி தேங்க்ஸ் எவ்ரிஒன் ஃபார் கமிங்.’ அன்பு மகளைப் பிரியப் போகிற குடும்பம், வந்திருக்கும் அனைவருக்கும் நன்றி சொல்கிறது. நிச்சயதார்த்தத்துக்கென்றே எழுதி வைத்த மாதிரி இருந்தது.

வேறு எந்த வாக்கியமும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ரீத்தாவிடம் சொல்லவில்லை, அன்றைக்குக் கேட்டு ஆச்சரியப்படட்டும் என்று. குமாரிடம் மட்டும் சொல்லிக் காட்டினேன்.

“நன்றிதானண்ணே சொல்றீங்க. அதுல என்னா தப்பு வரப்போவுது,” என்றான். (அவனும் ஆறாம் வகுப்புதான்.)

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. சுங்கை பட்டாணியிலிருந்து கார்கள் வந்து இறங்கின. பிலோமினா டீச்சர் சாம்பல் நிறப் பட்டில் அமைதியாக வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் டேனியலின் அத்தை. முன்வரிசையில் சவரி தாத்தா. அவர் டீச்சரின் சித்தப்பா. ஆங்கிலப் பூசையில் ஜெபம் சொல்லி வழிநடத்துவது பல வருடங்களாக அவர் வேலை. இப்போது வயதாகி, உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுகிறார். எங்கள் நாற்காலியிலும் உட்கார்ந்த உடனே தூங்கிவிட்டார்.

தட்டுகள் பூவும் பழமுமாக மேசையில் இருந்தன. ஜோசப் என் காதருகே வந்து, “மச்சான், முடியலன்னா கைய காட்டுங்க, நான் எந்திரிச்சிருவேன்,” என்றார். கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.

எழுந்தேன். ரீத்தா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், எனக்காக வேண்டிக்கொள்கிறாள் என்று தெரிந்தது. மூச்சை இழுத்து, செயலியில் வருகிற பெண்ணைப் போலவே, நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன்.

“தி பிரீவ்ட் ஃபேமிலி தேங்க்ஸ் எவ்ரிஒன் ஃபார் கமிங்.”

உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. செயலி கேட்டிருந்தால் பச்சை காட்டியிருக்கும். அதுதான் வினையாகப் போயிற்று. கொஞ்சம் குழறியிருந்தால் யாருக்கும் புரியாமல் கைதட்டியிருப்பார்கள்.

எனக்குத் தெரியாத ஒரு விஷயம் மாப்பிள்ளை வீட்டார் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆங்கிலப் பூசை முடிகிறபோது அறிவிப்பு வாசிப்பார்களாம். யாராவது இறந்திருந்தால் அந்தக் குடும்பத்தை இந்தச் சொல்லால்தான் சொல்லுவார்களாம். தமிழ்ப் பூசைக்குப் போகிறவன் அதை எங்கே கேட்டேன்? சவரி தாத்தா வாழ்நாளெல்லாம் கேட்டிருக்கிறார். தூக்கத்திலேயே அந்தச் சொல் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். சட்டென்று எழுந்து நின்றார். கைகூப்பினார். கணீரென்ற குரலில் இறந்தவர்களுக்கான நித்திய இளைப்பாற்றி ஜெபத்தை ஆங்கிலத்தில் தொடங்கினார்.

பழக்கம் பொல்லாதது. மாப்பிள்ளை வீட்டில் பாதிப் பேர் யோசிக்காமலே எழுந்து நின்று பதில் ஜெபம் சொன்னார்கள். என் பக்கத்து ஆட்களுக்கு வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்த ஜெபத்தின் இழுவை எந்த மொழியிலும் ஒன்றுதான். அவர்களும் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். (யாருக்கு என்று தெரியாவிட்டாலும் ஜெபம் ஜெபம்தானே.)

“யாருங்க போயிட்டா?” என்று செலின் கலங்கிப்போய்க் கேட்டாள்.

செய்தி வீட்டுக்குப் பின்னால் சமையல் நடக்கிற இடத்துக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா ரேடியோவை நிறுத்திவிட்டு, கேசரியை மூடி வைத்துத் துக்க வீட்டில் கொடுக்கிற கடுங்காப்பி போடட்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார்.

ஜோசப் என் தோளைத் தொட்டார். “மச்சான், சாவு வீட்டுக்காரங்க நன்றி சொல்றோம்னு சொல்லிட்டீங்க.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. டேனியலின் அத்தை எழுந்து மேசையை விட்டுத் தள்ளி நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“தட்டு மாத்துறதுக்கு முன்னால சாவு ஜெபம். மனசுக்குச் சரியா படல அண்ணி. இன்னைக்கு வேணாம். இன்னொரு நாளைக்கு வச்சிக்குவோம்.”

ரீத்தா எழுந்து வீட்டுக்குள் போனாள். முந்தானையை வாயில் வைத்திருந்தாள். நான் அவள் பின்னால் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் எரிவாயுத் தோம்பு வைத்திருக்கிற மூலையில் நின்றேன். ஜோசப் மாமா பேசட்டும் என்று பிள்ளை கேட்டதே, அது ஒன்றைக் கேட்டிருந்தால் இந்நேரம் தட்டு மாறியிருக்கும், பிரியாணி மட்டும்தான் ஆறியிருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

செருப்புச் சத்தம் கேட்டது. பிலோமினா டீச்சர்.

“சம்பந்தி, அந்த வார்த்தைய எங்க படிச்சீங்க?”

தமிழில்தான் கேட்டார். நல்ல தமிழ். நாய்க்கு மட்டும்தான் ஆங்கிலம் போலிருக்கிறது. கைப்பேசியை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“சி டூ போட்டிருக்கீங்களே. ஏன்?”

“நான் ஆறாவதுதாங்க படிச்சேன். ஏ ஒன்னுக்கெல்லாம் ஆசப்படல. கடைசியில இருந்து ஆரம்பிச்சேன். ஆனா டீச்சர், அதுவே ரொம்பக் கஷ்டமா இருக்கு.”

டீச்சர் என்னைப் பார்த்தார். கைப்பேசியைப் பார்த்தார். அவர் உதடு ஒரு மாதிரிக் கோணியது. “சம்பந்தி, இது பரீட்ச மார்க் இல்ல. ஏ ஒன்னுதான் பாலர் பள்ளி. சி டூ எல்லாத்துக்கும் மேல. இதுல பாதி வார்த்த எனக்கே தகராறு.”

சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். அஞ்சலை அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்துவிட்டு, துக்கம் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“அவர் போனப்ப வந்த கார்டுலெல்லாம் இந்த வார்த்ததான் இருந்துச்சு,” என்றார் டீச்சர், மூச்சு வாங்கிக்கொண்டு. “கண்ணுல பட்டாலே ஆகாது எனக்கு. இன்னைக்கு மொத தடவையா இதைக் கேட்டு சிரிக்கிறேன். சரி, நீங்க என்னா சொல்ல வந்தீங்க?”

“மக போயிட்டா வீடு வெறிச்சுன்னு ஆயிருங்க. அதத்தான் சொல்ல வந்தேன்.”

கைப்பேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “அதுக்கு ஒரு சின்ன வார்த்த இருக்கு சம்பந்தி. மிஸ்.”

“மிஸ்ஸுன்னா நீங்கதானுங்களே. டீச்சரத்தானே மிஸ்ஸுன்னு கூப்பிடுவாங்க.”

“அது வேற. பஸ் மிஸ் ஆச்சுன்னு சொல்றோம்ல?”

“ஆமாங்க.”

“அதுதான். வீ வில் மிஸ் ஹெர். ஏ ஒன்னு வார்த்த.”

இத்தனை நாள் பஸ்ஸுக்கும் லோரிக்கும் சொல்லிக்கொண்டிருந்த சொல். அதற்குள் இது இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

பந்தலுக்குத் திரும்பினோம். டீச்சர் டேனியலின் அத்தையிடம் போய், “சம்பந்தி சொன்னது சரியான இங்கிலீஷ். லெவல்தான் கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு. தட்ட எடு,” என்றார். பள்ளிக்கூடத்துக் குரல் அது. அத்தை தட்டை எடுத்தார்.

ரீத்தாவை டேனியல் கையைப் பிடித்துக் கூட்டி வந்தான். அவள் கண் சிவந்திருந்தது. என் அருகில் வந்தபோதுதான் தெரிந்தது, அது அழுகைச் சிவப்பு மட்டும் அல்ல. உள்ளே போய் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாள். பாவி.

“ஜோசப் மாமா பேசியிருந்தா ஒரு வார்த்தகூட ஞாபகம் இருந்திருக்காதுபா,” என்றாள் என் காதுக்குள். “பேசுங்க. இப்ப பேசுங்க.”

வந்தவர்களுக்கு நன்றி என்று தமிழில் சொன்னேன். என் மகளைக் கொடுக்கிறேன், சந்தோஷமாகக் கொடுக்கிறேன், ஆனால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும் என்று சொன்னேன். கடைசியில், “வீ வில்...” என்று தொடங்கியபோது சவரி தாத்தா கண்ணைத் திறந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அவரை நாற்காலியோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். “மிஸ் ஹெர்,” என்று முடித்தேன். குரல் உடைந்துவிட்டது. உச்சரிப்புக்கு எத்தனை மதிப்பெண் வந்திருக்கும் என்று தெரியவில்லை. தட்டு மாறியது. கேசரி வந்தது. அஞ்சலை அக்கா போட்டு வைத்த கடுங்காப்பியையும் வீணாக்காமல் குடித்தோம்.

கல்யாணம் முடிந்து அவர்கள் சுங்கை பட்டாணிக்குப் போய் இப்போது சில வருடங்கள் ஆகின்றன. ஆங்கிலப் பூசையில் அந்த அறிவிப்பு வரும்போது டீச்சர் குடும்பத்து வரிசை முழுவதும் தோள் குலுங்குமாம். துக்கத்தில் எவ்வளவு பங்கெடுக்கிறார்கள் என்று சாமியார் ஒரு தடவை பாராட்டினாராம். அதிலிருந்து டீச்சர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டார். நான் இப்போது ஏ ஒன்றில் இருக்கிறேன். கதவு, ஜன்னல், குடை என்று சுகமாகப் போகிறது. கவிழ்ந்த ‘இ’ மட்டும் இன்னும் நிமிரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரீத்தாவும் டேனியலும் வந்து சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழக் கிளம்புவார்கள். அப்போதெல்லாம் ரீத்தா என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று எங்கள் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. போன வாரமும் கேட்டாள். கார் கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி,

“இன்னைக்கு எந்த லெவல்பா?” என்றாள்.

“ஏ ஒன்னுதான். வெறும் மிஸ். நீ கெளம்பு, மழ வருது,” என்றேன்.

என் பின்னால் நின்று கையாட்டிக்கொண்டிருந்த செலின் குனிந்து காருக்குள் பார்த்துச் சொன்னாள்.

“பொய் சொல்றாருடி. சி டூ.”